நிஜமாகவே பயமுறுத்தும் படங்களைத் தேடி

ஏழெட்டு வருடங்களுக்கு முன்பு ஒரு இரவு. "உலகத்திலேயே மிகப் பயங்கரமான படங்கள்" என்ற ஒரு பட்டியலில் முதல் இடத்தில் இருந்த படத்தைத் தனியாக உட்கார்ந்து பார்த்து முடித்தேன். முடிந்ததும் இருட்டிலேயே எழுந்து போய்ப் படுத்து, ஐந்து நிமிடத்தில் தூங்கிவிட்டேன். மறுநாள் அதை நினைத்தபோது வருத்தமாக இருந்தது. சின்ன வயதில் ஒரு பேய்ப் படம் பார்த்தால் ஒரு வாரத்துக்குச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்க மாட்டேன். திரும்பினால் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல இருக்கும். அந்தப் பயம் எங்கே போனது? வளர்ந்துவிட்டதால் போய்விட்டதா, இல்லை நான் பார்க்கும் படங்கள்தான் சரியில்லையா?

இரண்டுமே இல்லை என்று இப்போது தெரிகிறது. ஆனால் அது தெரிய எனக்குப் பல வருடம் பிடித்தது. பேய்ப் படம் பிடிக்கும், ஆனால் எதைப் பார்த்தாலும் பயமே வரவில்லை என்று சொல்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் இரண்டு வருடம் பட்டியல்களை நம்பியே ஓடியது. ஐம்பது, அறுபது படம் பார்த்திருப்பேன். எந்தப் பட்டியலை எடுத்தாலும் பாதிப் பெயர்கள் ஒன்றுதான். அவற்றில் மிக நல்ல படங்கள் இருந்தன, படமாக ரசித்தேன், ஆனால் பயம் வந்தது இரண்டு மூன்றில்தான். மற்றவற்றில் நடந்ததெல்லாம் ஒன்றே: அமைதி, கதவு மெல்லத் திறக்கும், திடீரென்று ஒரு பெரிய சத்தம், தூக்கிவாரிப் போடும், அவ்வளவுதான்.

திடுக்கிடுவது வேறு, பயப்படுவது வேறு. இதைப் புரிந்துகொண்டது எனக்கு முதல் திருப்பம். பக்கத்தில் யாராவது தட்டைக் கீழே போட்டால்கூட உடம்பு திடுக்கிடும். அது அனிச்சைச் செயல். நாம் யோசிப்பதற்கு முன்பே கண் இமைத்து, தோள் சுருங்கி, அடுத்த சில நொடிகளில் அடங்கிவிடும். அதையே திரும்பத் திரும்பச் செய்தால் உடம்பு பழகிப்போகும். பயம் அப்படி இல்லை. ஒன்று நடக்கப்போகிறது என்று தெரிந்து, அது நடக்காமலே இருக்கும் நேரத்தில்தான் பயம் வளர்கிறது.

1942இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில் ஒரு பெண் இரவில் தனியாகத் தெருவில் நடந்து போவாள். பின்னால் யாரோ வருகிறார்கள் என்ற எண்ணம் நமக்கும் வரும், அவளுக்கும் வரும். காலடிச் சத்தம் கேட்கும், பிறகு நின்றுவிடும். அவள் நடையை வேகப்படுத்துவாள். கடைசியில் சீறிக்கொண்டு வந்து நிற்பது ஒரு பேருந்து. திடுக்கிட வைக்கும் காட்சிகளின் முன்னோடி என்று இதைச் சொல்வார்கள். தயாரிப்பாளர் வால் லூட்டன் பெயரால் 'லூட்டன் பஸ்' என்று ஒரு வழக்கே உண்டானது. பின்னால் வந்த பலர் அந்தப் பேருந்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், அந்த நடையை விட்டுவிட்டார்கள். எனக்கு வேண்டியது அந்த நடை.

நடையோடு சேர்ந்து வந்தால் திடுக்கிடலும் எவ்வளவு பலமாக இருக்கும் என்பதற்கு 1990இல் வந்த 'தி எக்ஸார்சிஸ்ட் 3' படத்தின் மருத்துவமனைக் காட்சியைச் சொல்வேன். நீண்ட நடைபாதையின் ஒரு முனையில் கேமரா பெரும்பாலும் அசையாமல் நிற்கிறது. இரவுப் பணியில் ஒரு நர்ஸ் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு அறைக்குப் போகிறாள், வருகிறாள், பூட்டுகிறாள். நிமிடக்கணக்கில் ஒன்றும் நடப்பதில்லை. என்ன நடக்கிறது என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த ஒன்றும் நடக்காத நேரத்தில் என் உள்ளங்கை வியர்த்தது, அதைத்தான் சொல்ல வந்தேன்.

சரி, இது புரிந்த பிறகும் என் தேடல் பெரிதாக மாறவில்லை. "மெதுவாகப் பயமுறுத்தும் படங்கள்" என்று வேறு பட்டியல்களுக்குப் போனேன், அவ்வளவுதான். உண்மையான மாற்றம் தற்செயலாக வந்தது.

என் சித்தி இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவர் போனில் எடுத்த சின்னச் சின்ன வீடியோக்கள் எங்களிடம் இருந்தன. இரவுகளில் அவற்றைப் போட்டுப் பார்ப்பேன். அந்த நாட்களில் ஒருநாள், எதுவும் தெரியாமல் 'லேக் மங்கோ' என்ற ஆஸ்திரேலியப் படத்தைப் பார்த்தேன். 2008இல் ஜோயல் ஆண்டர்சன் இயக்கியது. ஆவணப்படம்போல எடுக்கப்பட்ட கதை. நீரில் மூழ்கி இறந்துபோன ஒரு பெண்ணின் குடும்பத்தார் கேமரா முன்னால் உட்கார்ந்து அமைதியாகப் பேசுகிறார்கள். பழைய புகைப்படங்கள், வீட்டு வீடியோக்கள். ரத்தம் இல்லை, கத்தல் இல்லை. பிற்பகுதியில் மங்கலான ஒரு செல்போன் வீடியோ வருகிறது. அதைப் பார்த்தபோது என் கழுத்துக்குப் பின்னால் குளிர்ந்ததை இன்றும் உணர முடிகிறது. அன்று இரவு விளக்கை அணைக்கவே இல்லை. இந்தப் படத்தைப் பார்ப்பவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: பெயர்கள் ஓடத் தொடங்கியதும் எழுந்து போய்விடாதீர்கள்.

மறுநாள் இதே படத்தைப் பற்றிப் பலர் "தூக்கம் வந்தது" என்று எழுதியிருந்ததைப் படித்தேன். அவர்கள் சொன்னதும் பொய்யில்லை. அவர்கள் யாரையாவது இழந்து, அவரது வீடியோவை இரவில் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கும் நிலையில் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அன்றுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வருடம் "எது பயங்கரமான படம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். "என் பயம் எது?" என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

அப்புறம் ஒரு நோட்டு வைத்துக்கொண்டேன். எந்தப் படம் பார்த்தாலும், உண்மையில் பயந்த நொடி இருந்தால் அதை மட்டும் எழுதுவேன். படம் நன்றாக இருந்ததா என்பதை எழுத மாட்டேன். அந்த நொடியில் திரையில் என்ன தெரிந்தது, எவ்வளவு தூரத்தில் இருந்தது, சத்தம் இருந்ததா, இரவு படுத்தபோது எந்தக் காட்சி திரும்ப வந்தது, இவைதான். கடைசிக் கேள்வி மிக முக்கியம். படம் பார்க்கும்போது வரும் பயத்தைவிட, பல் தேய்க்கும்போது நினைவுக்கு வரும் காட்சிதான் நம் பயம் எது என்று சரியாகச் சொல்லும்.

இருபது குறிப்புகள் சேர்ந்ததும் எடுத்துப் பார்த்தேன். பேய் பிடித்து ஆட்டும் காட்சி ஒன்றுகூட இல்லை. வெட்டு, குத்து, ரத்தம் எதுவும் இல்லை. மூன்று விஷயங்கள் மாறி மாறி வந்திருந்தன.

ஒன்று, தூரத்தில் அசையாமல் நிற்கும் உருவம். 1961இல் ஜாக் கிளேட்டன் இயக்கிய 'தி இன்னசென்ட்ஸ்' படத்தில், பகல் வெளிச்சத்தில், ஏரிக்கு அக்கரையில், நாணல்களுக்கு நடுவே கறுப்பு உடையில் ஒரு பெண் நிற்பாள். எதுவும் செய்ய மாட்டாள், நிற்பாள். கறுப்பு வெள்ளைப் படம், அறுபது வருடத்துக்கு மேல் பழையது. என் நோட்டில் மிக நீளமான குறிப்பு அதைப் பற்றியதுதான். ஜப்பானிய இயக்குநர் கியோஷி குரோசாவாவின் 'கைரோ' (2001) படத்தில் ஒரு பெண் உருவம் மிக மெதுவாக ஒருவனை நோக்கி நடந்து வரும். நடுவில் கால் இடறியதுபோல உடம்பு ஒரு பக்கம் சரிந்து, பிறகு நிமிரும். அந்த ஒரு சரிவு போதும். மனித நடையில் இருக்கக்கூடாத ஏதோ ஒன்று அதில் இருக்கிறது.

இரண்டாவது, முதலிலிருந்தே அங்கே இருந்து, நான் தாமதமாகக் கவனிக்கும் விஷயம். ஆரி ஆஸ்டரின் 'ஹெரெடிட்டரி' (2018) படத்தின் இறுதிப் பகுதியில், இருட்டான அறையில் ஒருவன் விழித்தெழுகிறான். சுவரின் மேல் மூலையில் ஏதோ இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்ட கேமரா நகரவில்லை, இசையும் எழவில்லை. பல நொடிகள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. பிபிசி 1992 அக்டோபர் 31 அன்று ஒளிபரப்பிய 'கோஸ்ட்வாட்ச்' என்ற நாடகமும் இந்த வகைதான். பேய் இருக்கும் வீட்டிலிருந்து நேரலை நிகழ்ச்சி வருவதுபோல எடுக்கப்பட்டது. ஆவியின் உருவத்தை நிகழ்ச்சி முழுக்கப் பல இடங்களில் யாரும் எதுவும் சொல்லாமல் ஒளித்து வைத்திருப்பார்கள்.

மூன்றாவது, தெரிந்த முகம் கொஞ்சம் மாறிப்போவது. அம்மா அம்மாபோலவே இருக்கிறாள், ஆனால் அவள் அம்மா இல்லை. ராகுல் சதாசிவன் இயக்கிய மலையாளப் படம் 'பூதகாலம்' (2022) இதற்குப் பக்கத்தில் வருகிறது. ஒரு வீடு, அதில் ஒரு தாயும் மகனும். இருவருக்கும் நடுவில் இருக்கும் கசப்பும் மன அழுத்தமுமே பாதிப் பயத்தைக் கொண்டுவந்துவிடும்.

இது என் பயம். உங்களுடையது வேறாக இருக்கும். என் தம்பிக்கு ஆவி என்றாலே ஒன்றும் தோன்றாது. ஆனால் வழி தெரியாத இடம், வெளியே வர முடியாத இடம் என்றால் அவனால் தாங்க முடியாது. அவனுக்கு 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' (1999) வேலை செய்தது. அதில் சூனியக்காரி கடைசிவரை கண்ணில் படுவதே இல்லை. காட்டில் வழி தவறிய மூன்று பேர் மட்டுமே. நடிகர்களைக் காட்டிலேயே தங்கவைத்து, நாளாக நாளாகச் சாப்பாட்டைக் குறைத்து, இரவில் கூடாரத்துக்கு வெளியே சத்தம் எழுப்பித்தான் எடுத்தார்கள். அந்தச் சோர்வும் எரிச்சலும் முகத்தில் தெரியும். இன்னொரு நண்பருக்கு மனிதர்கள்தான் பயம். சாதாரணமாகப் பேசும், குடும்பத்தோடு வாழும் மனிதர்கள். அவருக்கு ஜார்ஜ் ஸ்லூய்சரின் 'ஸ்பூர்லூஸ்' (1988) சொன்னேன். பயணத்தின் நடுவே பெட்ரோல் நிலையத்தில் ஒரு பெண் காணாமல் போகிறாள், அவளுக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ளாமல் ஒருவனால் இருக்க முடியவில்லை. பேய் இல்லை, பிசாசு இல்லை. நண்பர் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

உங்கள் பயம் எது என்று தெரியாவிட்டால் படங்களை விட்டுவிட்டு வீட்டிலிருந்து தொடங்குங்கள். தனியாக இருக்கும் இரவில் எதைச் செய்யத் தயங்குகிறீர்கள்? கண்ணாடியைப் பார்க்கவா, கட்டிலுக்கு வெளியே காலை நீட்டவா, படிக்கட்டில் மேலே ஏறவா, ஜன்னல் திரையை விலக்கவா? சின்ன வயதில் எந்தக் கனவு திரும்பத் திரும்ப வந்தது? துரத்தப்பட்டீர்களா, தொலைந்துபோனீர்களா, கத்தியும் குரல் வரவில்லையா? இதற்கான பதிலைத் தாளில் எழுதிப் பாருங்கள். அதற்குப் பிறகு படங்களின் கதைச் சுருக்கத்தைப் படித்தால், எது உங்களுக்கானது என்று ஒரே வரியில் தெரிந்துவிடும்.

விமர்சனங்களைப் படிக்கும் விதமும் மாறியது. இப்போது ஐந்து நட்சத்திர விமர்சனங்களை நான் படிப்பதில்லை. மோசமான விமர்சனங்களைத்தான் முதலில் படிப்பேன். "மெதுவாகப் போகிறது", "கடைசிவரை எதையும் காட்டவே இல்லை", "முடிவு புரியவில்லை" என்று கோபமாக எழுதியிருந்தால், அந்தப் படத்தை உடனே குறித்துக்கொள்வேன். "சீட்டின் நுனியில் உட்கார வைத்தது", "அடிக்கடி அலறினோம்" என்றால் அது திடுக்கிடும் வகை. "பேயின் மேக்கப் அருமை" என்றால் பேய் நிறைய நேரம் திரையில் நிற்கிறது என்று அர்த்தம். அதுவும் எனக்கு ஆகாது. இதில் என் கணக்கு எப்போதும் சரியாக வருவதில்லை. உண்மையிலேயே சலிப்பான படங்களிலும் மாட்டியிருக்கிறேன். ஆனால் பட்டியல்கள் கொடுத்ததைவிட இது பல மடங்கு அதிகமாகக் கொடுத்திருக்கிறது.

ஒரு படம் பிடித்துவிட்டால், அதை எடுத்தவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பதுதான் அடுத்த வழி. 'கைரோ' பிடித்தால் குரோசாவாவின் 'கியூர்' (1997) கண்டிப்பாகப் பிடிக்கும். என்னைக் கேட்டால் இரண்டில் அதுதான் பெரிய படம். 'பூதகாலம்' பிடித்தால் அதே இயக்குநரின் 'பிரமயுகம்' (2024) இருக்கிறது. கறுப்பு வெள்ளையில் எடுத்தது. இயக்குநர் மட்டுமல்ல, ஒளிப்பதிவாளர், ஒலி வடிவமைத்தவர், திரைக்கதை எழுதியவர், யாரை வேண்டுமானாலும் பின்தொடரலாம்.

ட்ரெய்லர் பார்ப்பதை முழுவதும் நிறுத்திவிட்டேன். ஒரு நல்ல பேய்ப் படத்தில் நான்கைந்து பெரிய காட்சிகள்தான் இருக்கும். ட்ரெய்லரில் அதில் மூன்று வந்துவிடும்.

பார்க்கும் சூழலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஏனென்றால் நல்ல படங்கள் பலவற்றை நானே வீணாக்கியிருக்கிறேன். 'தி ஹாண்டிங்' (1963) படத்தை முதல்முறை நண்பர்கள் கூட்டத்தோடு, விளக்கு எரிய, பேசிக்கொண்டே பார்த்தேன். "இதில் என்ன இருக்கிறது?" என்று தோன்றியது. சில வருடம் கழித்துத் தனியாக, இருட்டில், ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்த்தேன். அறைக்கு வெளியே எதுவோ கதவுகளைத் தட்டிக்கொண்டே வருகிறது. உள்ளே இரண்டு பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். தட்டுவது யார் என்று இயக்குநர் ராபர்ட் வைஸ் காட்டுவதே இல்லை. பிறகு ஒரு காட்சியில் கனத்த மரக்கதவு, வெளியிலிருந்து யாரோ மூச்சை விட்டு அழுத்துவதுபோல, உள்பக்கமாக உப்புகிறது. ஹெட்போனைக் கழற்றி வீட்டில் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று பார்த்தேன். படம் அதேதான், நான் உட்கார்ந்த விதம்தான் வேறு.

ஹெட்போனை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், தட்டையான டிவிகளின் சின்ன ஸ்பீக்கர்களில் அடித்தொனி, அதாவது 'பேஸ்' ஒலி, சரியாக வராது. பேய்ப் படங்களில் பாதி வேலையை அந்த அடித்தொனிதான் செய்கிறது. டிவியில் அசைவை வழுவழுப்பாக்கும் அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம்களாக, அதாவது அசையாப் படங்களாக, ஓடுவது. அந்த அமைப்பு நடுவில் புது ஃபிரேம்களைச் செருகி, எல்லாவற்றையும் டிவி சீரியல்போல ஆக்கிவிடும். இரவு ஒலி அமைப்பு என்று ஒன்று இருந்தால் அதையும் அணையுங்கள். அது மெல்லிய சத்தத்தையும் பெரிய சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடும். அமைதி இல்லாவிட்டால் பயம் இல்லை. வெளிச்சமான அறையில் 'ஹெரெடிட்டரி' பார்த்தவர்களுக்கு அந்தச் சுவர் மூலை வெறும் கறுப்பாகத்தான் தெரிந்திருக்கும். போனை வேறு அறையில் வையுங்கள். நடுவில் நிறுத்தாதீர்கள். கழிப்பறைக்குப் போவதாக இருந்தால் முதலிலேயே போய்விட்டு வாருங்கள்.

மொழிமாற்றம் செய்த குரல் வேண்டாம், சப்டைட்டிலோடு மூலக் குரலிலேயே பாருங்கள். 'தி எக்ஸார்சிஸ்ட்' (1973) படத்தில் அந்தச் சிறுமிக்குள்ளிருந்து வரும் குரல் மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜ் என்ற நடிகையுடையது. அந்தக் கரகரப்பை வேறு குரலால் மாற்றினால் படத்தின் முதுகெலும்பே போய்விடும்.

அளவும் முக்கியம். ஒரு கட்டத்தில் வாரத்துக்கு நான்கு படம் பார்த்தேன். நோட்டில் குறிப்பே விழவில்லை. இரண்டு மாதம் நிறுத்திவிட்டு வந்ததும், சாதாரணமான ஒரு படத்திலேயே பயம் வந்தது. இப்போது மாதத்துக்கு இரண்டு, அதற்கு மேல் இல்லை.

நான் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். 'ஹெரெடிட்டரி' பார்த்த உற்சாகத்தில் எல்லோருக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வருடம்தான் ஒரு தோழி தன் குடும்பத்தில் ஒருவரை விபத்தில் இழந்திருந்தாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், படத்தின் கதையை யோசிக்காமல் அவளிடமும் பார்க்கச் சொன்னேன். அரைமணி நேரத்தில் நிறுத்திவிட்டாள். என்மேல் கோபப்படவில்லை, ஆனால் அன்று இரவு அவள் என்ன பாடுபட்டிருப்பாள் என்பதை நினைத்தால் இப்போதும் மனது கனக்கிறது. சித்தி இறந்தபோது 'லேக் மங்கோ' எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, உண்மைதான். அது அந்த நேரத்தில் எனக்குத் தற்செயலாக அமைந்தது. இன்னொருவருக்கு அப்படி இருக்கும் என்று நானாக முடிவு செய்யக்கூடாது. அதற்குப் பிறகு யார் கேட்டாலும், அண்மையில் என்ன நடந்தது, எதைப் பார்க்க வேண்டாம் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் படத்தின் பெயரைச் சொல்வேன்.

பயம் அளவுக்கு மீறிப்போய்த் தூங்கவே முடியாவிட்டால், அந்தக் காட்சியை எப்படி எடுத்தார்கள் என்று தேடிப் படியுங்கள். 'ரிங்கு' (1998) படத்தின் கடைசிக் காட்சி என்னை நான்கு இரவுகள் விடவில்லை. அதில் பேயாக வரும் நடிகையைப் பின்னோக்கி நடக்கவைத்துப் படமாக்கி, அதைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள், அதனால்தான் நடை அப்படி இருக்கிறது என்று படித்த பிறகு தூங்கினேன். இதைப் படம் பார்ப்பதற்கு முன்பு மட்டும் செய்துவிடாதீர்கள்.

போன மாதம் தம்பி இன்னொரு படம் கேட்டான். மாட்டிக்கொள்ளும் பயம் என்றால் 'தி டிசென்ட்' (2005) பார் என்றேன். ஆறு பெண்கள் ஒரு குகைக்குள் இறங்குகிறார்கள், அதற்கு மேல் எதுவும் படிக்காதே என்றும் சொன்னேன். இரவு பதினொரு மணிக்குப் போன் வந்தது. உடம்பு நுழையாத ஒரு சந்துக்குள் ஒருத்தி ஊர்ந்து போய் மாட்டிக்கொள்ளும் இடத்தில் நிறுத்திவிட்டானாம். அதுவரை படத்தில் பயமுறுத்தும் எதுவும் வரவே இல்லையே, ஏன் எனக்கு மூச்சு முட்டுகிறது என்று கேட்டான். மீதியை நாளைக்கு விளக்குப் போட்டுப் பார்க்கட்டுமா என்றான். வேண்டாம், நாளைக்கு இருட்டிலேயே முதலிலிருந்து பார் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சரி, ஆனால் படம் முடியும்வரை நீ தூங்காமல் இரு என்றான்.